நான் அனுப்பாத பத்திரிகை

போன் கைப்பைக்குள்ள இருக்கு, கைப்பை மடியில இருக்கு, மடி மேல என் ரெண்டு கையும் இருக்கு, பிறகென்ன, யாரு வந்து எடுத்துரப் போறா. ஆனாலும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுல இருந்து ஜிப்பத் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டுத்தான் வாரேன். பக்கத்துல இவுக தூங்குதாக. எங்க வீட்டுக்காரருக்கு பஸ்சு நகரணும்னு கூட இல்ல, டிக்கெட் கையில வந்தாப் போதும், தூக்கம் வந்துரும். அவுக மடியில மஞ்சப்பை. உள்ள எவர்சில்வர் தட்டு, வெத்தில பாக்கு, பழம், குங்குமச் சிமிழ், மல்லிகப்பூ, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுன பத்திரிகை. எங்க மக நித்திலாவோட கல்யாணப் பத்திரிகை. சாமிக்கு வச்சாச்சு. தாய்மாமன் முறைக்கு எங்க அண்ணன் வீட்டுல குடுத்தாச்சு. இப்ப சங்கரன்கோவிலுக்கு, உலகம்மைக்கு. உலகம்மை இவுக கூடப்பொறந்த தங்கச்சி, நித்திலாவுக்கு ஒரே அத்தை. எங்க பக்கம் பொண்ணக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து மணையில உக்கார வைக்கது அத்தைதான். அத்தை வரலேன்னா தாலி ஏறாமப் போயிராது, வேற யாராச்சும் ஒருத்தி கூட்டிட்டு வருவா, ஐயரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா நித்திலா தலையக் குனிஞ்சுக்கிட்டு நடந்து வரும்போது அவ கையப் பிடிச்சிருக்க கை யாரு கைன்னு அவளுக்குத் தெரியும்லா. எனக்கும் தெரியும்லா. வருவாளா, மாட்டாளா. நான் கூப்பிட்டா வருவாளா. அதான் காலைல இருந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு, இந்த பஸ்சு இஞ்சின் மாதிரி, நிக்கவும் மாட்டேங்கு, வேகமாப் போகவும் மாட்டேங்கு.

வாட்ஸ்அப்புக்குப் பூட்டா ஆறு எழுத்துல ரகசிய நம்பர் ஒண்ணு வச்சிருக்கேன். மறந்துருமோன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாக்கேன். வாய் அசையுதா என்னன்னு தெரியல, எதுத்த சீட்டுப் பொம்பள என்னையே பாக்கா. ஏதோ மந்திரம் சொல்லுதேன்னு நெனச்சிருப்பா. அம்மா, நம்பர வாய்க்குள்ள முணுமுணுக்காத, எழுதியும் வைக்காத, அப்பாட்ட கூடச் சொல்லாதன்னு நித்திலா படிச்சுப் படிச்சுச் சொன்னா. பொறந்த நாள் கூடாது, கல்யாண நாள் கூடாது, வண்டி நம்பர் கூடாது, ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையாவும் கூடாது. பிறகு என்னத்தத்தான்டி வைக்கதுன்னேன். உனக்கு மறக்காது, ஆனா நீ அத ஞாபகம் வச்சிருப்பன்னு யாருக்குமே தோணக் கூடாது, அப்படி ஒண்ணு வையின்னா. அப்படி ஒண்ணு இருந்துச்சு. உடனே வந்துச்சு, யோசிக்கவே வேண்டாம். நம்பர அடிக்கும்போது நித்திலா மரியாதையா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நல்ல பிள்ள. அந்த நேரம் அவ எப்படி இருந்தா தெரியுமா, பள்ளிக்கூடத்துல பிள்ளைக பரீட்சை எழுதும்போது நான் நிப்பேன்லா, அதே மாதிரி கையக் கட்டிக்கிட்டு நின்னா. நான் ஹெட்மிஸ்ட்ரஸ், எனக்கு எம் மக பரீட்சை வைக்கா. இருக்கட்டும். என் போன் திருடன்கிட்ட மாட்டுன அன்னைக்கு அவ ஊருல இல்லாம மெட்ராஸ்ல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும். அவ லீவு போட்டு வந்தது சேல எடுக்க. சேல எடுக்கவா வந்தா, என்னையக் காப்பாத்தவில்ல வந்திருக்கா.

அன்னைக்கு ஞாயித்துக்கெழம. காலைல சாப்பிட்டுட்டு, பத்திரிகையில யார் யார் பேரு போடணும்னு இவுககிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், அச்சாபீசுக்கே இன்னும் போகல. கழுகுமலை மாமா நம்பர்ல இருந்து ஒண்ணு வருது. எங்கள் இல்லத் திருமணத்துக்குக் குடும்பத்துடன் அவசியம் வரவும்னு எழுதி, கீழ ஒரு பைலு, கல்யாணப் பத்திரிகைன்னு பேரு போட்டு. மாமா பேத்திக்கு எடம் பாத்துக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியும். அதனால சந்தேகம் வரல, கோவம்தான் வந்துச்சு. இந்த வயசுல இவருக்கும் இந்தப் புத்தியா, எட்டிப்பிடிக்கிற தூரத்துல இருந்துக்கிட்டு போன்லயா பத்திரிகை அனுப்புவாகன்னு சொல்லிக்கிட்டே தொட்டேன். என்ன இருந்தாலும் பத்திரிகைன்னு ஒண்ணு வீடு தேடி வந்துட்டா பிரிச்சுப் பாக்காம ஓரமா வைக்க நம்மளால முடியாது. கோவிக்கதுன்னாலும் பிரிச்சு, தேதி பாத்து, நம்ம பேரு போட்டிருக்கான்னு பாத்து, பிறகுதான் கோவிக்கணும். இன்ஸ்டால் செய்யவான்னு கேட்டுச்சு, சரின்னேன். இது தெரியாத இடத்துல இருந்து வந்தது, பரவாயில்லையான்னுச்சு. கழுகுமலை மாமா எனக்குத் தெரியாத இடமா, சரின்னேன். மெசேஜ் எல்லாம் படிக்கட்டுமான்னுச்சு, போன் நம்பர் எல்லாம் பாக்கட்டுமான்னுச்சு. வீட்டுக்கு வந்தவுக தண்ணி கேட்டா குடுக்கத மாதிரி, கேட்டதுக்கெல்லாம் சரி சரி சரின்னு அமுக்கிக்கிட்டே போனேன். கடைசியில பத்திரிகையே வரல. வெள்ளையா ஒரு திரை, அம்புட்டுத்தான். மாமாவுக்கு அனுப்பக் கூடத் தெரியல பாருங்கன்னு இவுககிட்ட சொல்லிச் சிரிச்சேன்.

சிரிச்சேன். அத நெனச்சாத்தான் தாங்க முடியல. போன் சூடாகுது, மெசேஜ் வாரது தெரியுது, நான் தொடுமுன்ன மறஞ்சு போகுது, பேங்க்ல இருந்து ஏதோ நம்பர் வருது, அதுவும் போகுது, வாட்ஸ்அப்பத் தொறந்தா நீ யாருன்னு என்னையவே கேக்கு. அப்பவும் நான் டவர் சரியில்லன்னுதான் நெனச்சேன். உள்ள நடந்தது என்னன்னா, என் போனுக்குள்ள இருக்க அம்புட்டுப் பேருக்கும் என் பேர்ல பத்திரிகை போயிக்கிட்டு இருக்கு. எங்கள் இல்லத் திருமணத்துக்கு அவசியம் வரவும். சும்மா ஒரு நாள்னா யாராச்சும் சந்தேகப்பட்டிருப்பாக. நித்திலாவுக்குப் பூ வச்சாச்சுன்னு ஊரு பூரா தெரியும், செண்பகம் டீச்சர் வீட்டுப் பத்திரிகை எப்ப வரும் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்காக. அண்ணன் வீடு, சித்தி வீடு, என்கிட்ட படிச்ச பிள்ளைகளோட அம்மா அப்பா, டீச்சர்மாரு. டீச்சர் அனுப்புனா தொறக்காம இருப்பாகளா. எம் பேரச் சொல்லி அவுக வீட்டுக்குள்ள திருடன் நொழையான். நான் கதவத் தொறந்து விட்டதோட நிக்கல, என் கையப் பிடிச்சுக்கிட்டு வீடு வீடாக் கூட்டிட்டுப் போயிருக்கான். கழுகுமலை மாமாவும் பாவம் இப்படித்தான் ஏமாந்திருக்காரு, அவருக்கு யாரோ அனுப்புனது. எங்கள மாதிரி ஆளுகளுக்குன்னே யோசிச்சுச் செஞ்சிருக்கான், லாட்டரின்னு வந்தா தொறப்போமா, மாட்டோம். பத்திரிகைன்னா தொறப்போம்.

இப்ப கழுகுமலை வந்துட்டு. மலை இந்தப் பக்கம் திரும்புது. இவுக முழிச்சு, ஊரு வந்துட்டான்னாக. இல்லங்க, கழுகுமலைதான், தூங்குங்கன்னேன். தூங்கிட்டாக. அன்னைக்கு இவுக கையில இருந்தது ஒரு பட்டன் போன். எத்தன தடவ கேலி செஞ்சிருப்பேன், இத மியூசியத்துல வைங்கன்னு. அந்த போன்தான் அடிச்சுச்சு. இவுக எடுத்துக் காதுல வச்சாக, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. ஸ்பீக்கர்லாம் போட வேண்டாம், உலகம்மை குரல் எப்பவும் கணீர்னு இருக்கும், எனக்கே கேக்கு. அண்ணே, மதினி போன மொதல்ல அணைக்கச் சொல்லு, சிம்மக் கழத்தி வெளிய போடு, யாரோ மதினி பேர்ல பத்திரிகைன்னு அனுப்புதான், நான் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கேன், நித்திலா இருக்காளா, இருந்தா அவகிட்ட குடு. வருஷக்கணக்கா அந்தக் குரல் எங்க வீட்டுக்குள்ள கேட்டதில்ல. இவுக கேட்டாக, உனக்கு எப்படித் தெரியும் உலகம்மைன்னு. அவ சொன்னா, என்னண்ணே கேக்க, மதினியாவது பத்திரிகைய போன்ல அனுப்பவாவது, உசுரே போனாலும் அனுப்ப மாட்டாக.

உசுரே போனாலும் அனுப்ப மாட்டாக. இத எத்தன தடவ திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்துட்டேன். ஏன்னா எங்களுக்குள்ள சண்டையே அதுலதான். அவ மகன் கல்யாணத்துக்கு எனக்கு பத்திரிகைய போட்டோ எடுத்து போன்ல அனுப்புனா. மதினி, ஒத்தையா நின்னு பாக்கேன், அலைய முடியல, கோவிச்சுக்காம வந்துருங்கன்னு ஒரு வரி. நான் கோவிச்சுக்கிட்டேன். தட்டுல வச்சு குங்குமம் குடுத்துக் கூப்பிடாத வீட்டு வாசல இந்தச் செண்பகம் மிதிக்க மாட்டான்னு பெரிய கூட்டத்துல வச்சுச் சொன்னேன். போகல. இவுக மட்டும் போயிட்டு வந்தாக. இப்பவும் நான் எறங்கி வர மாட்டேன், வந்து கூப்பிடணும்னு எதிர்பாத்ததுல ஒரு தப்பும் இல்ல, அதுதான் முறை, இன்னைக்குக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். சரி, அதுவா இப்ப முக்கியம். முக்கியம் என்னன்னா, அந்தக் கோவத்த அவ ஞாபகம் வச்சிருந்திருக்கா. மத்தவுக எல்லாம் டீச்சர் பேரப் பாத்தாக, போட்டோவப் பாத்தாக, நம்புனாக. இவ ஒருத்திதான் என்னையப் பாத்திருக்கா. என் கூட இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்துன மனுசனுக்கு அது தோணல, எனக்கு மொகம் குடுத்துப் பேசாதவளுக்குத் தோணியிருக்கு. கெட்ட நெனப்பு ஒண்ணும் வருது, சொல்லிருதேன். சண்ட வந்த அன்னைக்கு அவ நம்பர அழிச்சிருவோம்னு வெரல வச்சேன். வச்சு, எடுத்துட்டேன். ஏன் எடுத்தேன்னு தெரியல, சோம்பேறித்தனமாக் கூட இருக்கும். அழிச்சிருந்தா அந்தத் திருடன் பத்திரிகை அவளுக்குப் போயிருக்காது. போகலேன்னா அவ கூப்பிட்டிருக்க மாட்டா. கயத்தாத்துச் சித்தி அதுக்குள்ள பாதி தொறந்துட்டாக, அனுமதிக்கவான்னு கேட்டதுக்கு கண்ணாடிய எடுக்கப் போயிருக்காக, அந்த நேரத்துல உலகம்மை போன் அடிச்சிருக்கு. சித்தி சொன்னாக, ஏட்டி, அந்தப் பிள்ள தொண்ட கட்டிப் போயிப் பேசுச்சு, எத்தன பேருகிட்ட கத்துனாளோன்னு. சித்தி வீட்டுல ஒரு பொருள் போகல. ஒருத்தர் வீட்டுலயும் போகல. இத நான் எந்தச் சாமிகிட்டப் போயிச் சொல்ல.

மத்ததெல்லாம் நித்திலா செஞ்சா. சிம்மக் கழத்துனா, அப்பா போன்ல பேங்குக்குச் சொல்லி கணக்க நிறுத்துனா, சைபர் போலீசுக்கு ஒரு நம்பர் இருக்கு, அதுக்குப் போட்டா. அங்க பேசுன பொண்ணு, யாரு பெத்த பிள்ளையோ, பதறாதீங்கம்மா, சீக்கிரமாக் கூப்பிட்டீங்க, நல்ல காலம்னு சொல்லுச்சு. அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பிள்ள நல்லா இருக்கணும். பிறகு என் போன்ல இருந்தத மொத்தமா அழிச்சா, கழுவி வச்ச அண்டா மாதிரி வெறுமையா வந்துச்சு. போட்டோ பாதி போச்சு, போகட்டும். மெயிலுக்கு ஒரு பாஸ்வேர்டு, பேங்குக்கு ஒண்ணு, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது. நான் எல்லாத்துக்கும் நித்திலா பேருதான் வச்சிருந்தேன். அவ சிரிச்சா, அம்மா, என் மேல பாசம்னா சாப்பாட்டுல காட்டு, பாஸ்வேர்டுல காட்டாதன்னா. வாட்ஸ்அப் உடனே திரும்பி வரல, பொறு பொறுன்னு மணிக்கணக்குல உக்கார வச்சுச்சு. வந்ததும் வேற எந்தெந்த போன்ல அது தொறந்து கெடக்குன்னு பாத்து எல்லாத்தையும் வெளியேத்துனா, ஆறு நம்பர் பூட்டுப் போட்டா. நேத்து பத்திரிகைக்கு மஞ்சள் தடவிட்டு போன எடுத்தேன், மஞ்சக் கை ரேகைய அதுக்கு அடையாளம் தெரியல, தொறக்கல. முன்னன்னா எரிச்சல் வந்திருக்கும். நேத்து சந்தோசமா இருந்துச்சு, நானே ஆனாலும் கேட்டுட்டுத்தான் விடுதேங்குது பாரு, அப்படித்தான் இருக்கணும்னு கையக் கழுவிட்டு வந்து தொறந்தேன்.

போன் கைக்கு வந்ததும் மொத வேலையா உலகம்மைக்குத்தான் போட்டேன். அடிச்சுச்சு, அடிச்சுச்சு, எடுக்கல. மறுநாளும் போட்டேன். எடுக்கல. அதுலதான் மாட்டிக்கிட்டு நிக்கேன். ஊருக்கெல்லாம் போன் போட்டவ எனக்கு எடுக்க மாட்டேங்கான்னா என்ன அர்த்தம். அண்ணனுக்காகச் செஞ்சா, நித்திலாவுக்காகச் செஞ்சா, உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லுதாளா. அவ அன்னைக்குப் பேசும்போதும் என்கிட்ட குடுன்னு சொல்லல, நித்திலாட்ட குடுன்னுதான் சொன்னா. இவுககிட்ட கேட்டா, நேர்ல போனா எல்லாம் சரியாப் போகும்னு ஒத்த வரியில முடிச்சுட்டாக. நேர்ல போயி என்னன்னு சொல்ல. நன்றின்னு சொல்லவா. அது ஆண்டுவிழாவுல மைக் முன்னால சொல்லுத வார்த்தை, நாத்தனாகிட்டச் சொன்னா மூணாம் மனுசி மாதிரி இருக்கும். கையப் பிடிச்சுக்கிடலாம். பிடிச்சா உதறிருவாளோ. நீங்க என் வீட்டுக்கு வரல மதினி, நான் எதுக்கு வரணும்னு கேப்பாளோ. கேக்கட்டும். கேட்டாலும் தட்ட நீட்டிக்கிட்டே நிப்பேன். அவ வரலேன்னாலும் இந்த நன்றி எனக்குள்ள இருந்து எறங்காது, அத அவகிட்ட சொல்லணும். எப்படிச் சொல்லணும்னுதான் தெரியல. பருத்திக்காடு போகுது, கரண்டு எடுக்க காத்தாடி சுத்துது, கண்டக்டர் விசில் ஊதுதான். ஆறு நம்பர் ஞாபகம் இருக்கான்னு பாத்தேன். இருக்கு. அது அவ மகன் கல்யாணத் தேதி. நான் போகாத கல்யாணம். அத நான் நெஞ்சுல வச்சிருப்பேன்னு எந்தத் திருடனுக்குத் தோணும்.

எறங்கி, கோயில் தெருவுக்குப் பின்னால நடந்தோம். அவ வீட்டு முன்னால கிரில் கேட்டு, உள்ள நைட்டி, பாவாடை எல்லாம் தொங்குது, வீட்டுலயே வச்சு விக்கா. தலை கொஞ்சம் நரச்சிருக்கு. எங்களப் பாத்ததும் கையில இருந்த துணிய மடிக்கத நிறுத்தல, மடிச்சு முடிச்சு, மேல வச்சு, பிறகுதான் வந்து கேட்டத் தொறந்தா. வாங்கண்ணே. வாங்க மதினி. குரல் இன்னும் கரகரன்னுதான் இருக்கு. அதக் கேட்டதும் பஸ்ல யோசிச்சு வச்சது எல்லாம் போயிட்டு. ஏன்ளா, நான் ரெண்டு நாளு போன் போட்டேன், எடுக்கலியேன்னு கேட்டுட்டேன், மொத வார்த்தையே சண்ட பிடிக்கத மாதிரி. அவ என்னைய ஏற எறங்கப் பாத்தா. எப்படி எடுக்க மதினி, உங்க நம்பர்ல இருந்து எது வந்தாலும் எடுக்காதீங்க, நேர்ல பாத்தாத்தான் நம்பணும்னு உங்க மகதான சொன்னா. இவுக எனக்குப் பின்னால சிரிக்காக. தட்டுல எல்லாத்தையும் எடுத்து வச்சாக, நான் ஒரு பக்கம் அவுக ஒரு பக்கம் பிடிச்சு நீட்டுனோம். அவ சேலையில கையத் துடைச்சா. குங்குமத்தத் தொட்டு நெத்தியில வச்சா. பத்திரிகைய எடுத்து, முன்னாலயும் பின்னாலயும் திருப்பிப் பாத்தா. இதத் தொறக்கலாமா மதினி, தொறந்தா என் வீட்டுல ஒண்ணும் காணாமப் போயிராதேன்னா. தொறளா, நான் கொண்டாந்ததுன்னேன், சொல்லும்போதே அழுக வந்துட்டு, அவ கையோட சேத்து தட்ட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், நீ இல்லேன்னா என் பேரு ஊருல என்னாயிருக்கும் உலகம்மைன்னு சொன்னேன். அவ உதறல. போங்க மதினி, வெயில்ல வந்துட்டு அழுதுக்கிட்டு, உள்ள வந்து தண்ணி குடிங்கன்னா. உள்ள உக்காந்து பத்திரிகையப் பிரிச்சு, அத்தைன்னு போட்டு அவ பேரு இருக்கத வெரல வச்சுப் படிச்சா, தேதியப் பாத்தா, கண்ண நிமித்தாமலே கேட்டா, பிள்ளையக் கூட்டிட்டு வரும்போது நான் என்ன கலரு சேல கட்டணும்னு நித்திலா சொன்னாளா. கேட்டுச் சொல்லுதேன்னு போன எடுக்கப் போனேன். கைப்பைய எங்க வச்சேன்னே ஞாபகம் இல்ல.